இயற்கை தராத ஏரிகள்: கொங்குப் பாறையும் திருப்பூர்த் தண்ணீரும்

வெள்ளியங்கிரி மலையடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் நொய்யலைச் செயற்கைக்கோள் படத்தில் தொடர்ந்து சென்றால், பேரூர், உக்கடம், சிங்காநல்லூர், சூலூர், சாமளாபுரம், ஆண்டிபாளையம் என்று ஆற்றின் இருமருங்கிலும் நீர்ப்பரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படுகின்றன. அவற்றின் உருவத்தில் பொதுவான ஓர் அடையாளம் உண்டு. நீர் வந்து சேரும் பக்கத்தில் ஓரம் நெளிந்தும் வளைந்தும் நிலத்தின் மேடுபள்ளத்தைத் தழுவிச் செல்ல, தாழ்வான பக்கத்தில் மட்டும் அது நீண்ட கோடாக வெட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கோடுதான் கரை. அவிநாசி, திருமுருகன்பூண்டிப் பக்கமிருந்து வரும் நல்லாறு நிரப்புகிற நஞ்சராயன் குளத்துக்கும், அவிநாசிச் சாலையில் பாத்திரப் பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் நெருங்கி நிற்கும் அனுப்பர்பாளையத்தைச் சூழ்ந்த குளம் குட்டைகளுக்கும் இதே அமைப்புதான். நாற்புறமும் தன்னியல்பாக வளைந்த ஓரம் கொண்ட இயற்கை ஏரி என்று சொல்லத்தக்கது நொய்யல் சமவெளியில் ஒன்றுகூட இல்லை.

இந்த இன்மைக்கான காரணத்தைத் தேடினால், மழைக் கணக்கேட்டைத் தாண்டிப் பல கோடி ஆண்டு நிலவியல் வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வரலாறு இன்று வெறும் பாடநூல் செய்தியாக இல்லை. 2024 ஆகஸ்ட் மாதத்தில், சுதந்திர தினத்தின் முன்னாளில், நஞ்சராயன் குளம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 17ஆம் தேதி, பல பத்தாண்டுகளாகக் கோரப்பட்டுவந்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இருக்கிற குளத்தைக் காப்பது ஒன்று, வறண்ட குளங்களுக்கு நீரேற்றுவது மற்றொன்று என்று இவை தனித்தனியாகப் பேசப்பட்டாலும், இரண்டும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: இயற்கை ஏரி தராத நிலத்தில், மனிதர் அமைத்த ஏரிக்கு என்ன கடமைகள் பின்தொடர்கின்றன?

ஏரி, புவியின் அண்மைக்கால மாற்றத்தின் விளைவு

ஓர் ஏரி அமைய மூன்று நிபந்தனைகள் பொருந்தியாக வேண்டும்: சுற்றிலும் அடைபட்ட பள்ளம், நீரை எளிதில் கசியவிடாத அடித்தளம், ஆவியாகும் அளவை ஈடுகட்டும் நீர்வரத்து. இவற்றுள் பள்ளம் அமைவதே மிக அரிது. ஏனெனில், மழையும் ஆறும் இடைவிடாமல் செய்யும் வேலை பள்ளத்தை ஒழிப்பதுதான். ஆறு கொண்டுவரும் வண்டல் ஏரியை மேலிருந்து தூர்க்கிறது. ஏரியிலிருந்து வெளியேறும் நீர் வழிவாயை அரித்து அதைக் கீழிருந்து வடிக்கிறது. இவ்விரு வேலைகளாலும் பெரும்பாலான ஏரிகள் சில ஆயிரம் அல்லது சில பத்தாயிரம் ஆண்டுகளில் மறைந்துவிடுவதால், நிலவியல் கால அளவில் ஏரி என்பது நிலையற்ற ஒன்று. ஆழத்தில் உலகின் முதலிடம் பெற்ற பைக்கால் ஏரி சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம், அதன் அடியிலுள்ள பிளவு இன்றும் விரிந்துகொண்டிருப்பதும், வண்டல் நிரம்பும் வேகத்தை மிஞ்சித் தரை தாழ்ந்துகொண்டிருப்பதுமே ஆகும்.

ஆகவே, ஒரு நாட்டின் எந்தப் பகுதியில் ஏரிகள் மிகுந்துள்ளன என்பது, அங்கு எவ்வளவு மழை பெய்கிறது என்பதைக் காட்டிலும், அங்குள்ள நிலம் எவ்வளவு அண்மையில் கலைக்கப்பட்டது என்பதையே பெரிதும் காட்டுகிறது. இந்தியா யூரேசியக் கண்டத்தோடு மோதத் தொடங்கிச் சுமார் ஐந்து கோடி ஆண்டுகள் ஆன பின்னும் இமயம் உயர்ந்துகொண்டிருப்பதால், நாட்டின் இயற்கை நன்னீர் ஏரிகள் வடக்கே குவிந்துள்ளன. நெடுங்காலமாகப் பெரிய அசைவின்றி இருக்கும் தீபகற்பத்தின் உட்பகுதியில் அவை அரிதாகவே காணப்படுகின்றன.

பெட்டிச் செய்தி: இந்திய ஏரிகளின் ஐந்து பிறப்புகள்

• நில அசைவு: பீர்பஞ்சால் மலைத்தொடர் உயர்ந்து ஆற்றின் வழியை மறித்ததால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் பெரும் ஏரியாக இருந்தது. குங்குமப்பூ விளையும் கரேவா மேட்டுநிலங்கள் அந்த ஏரியின் படிவுகளே. இன்றைய வூலர் ஏரியும் நில அசைவால் உருவான பள்ளத்தில் அமைந்ததே.

• பனியாறு: பனியாறு உருகிப் பின்வாங்கும்போது அது விட்டுச்சென்ற கல்மண் மேட்டுக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி இவ்வகையைச் சேர்ந்தது. 2023 அக்டோபரில் அது உடைந்து தீஸ்தாப் பள்ளத்தாக்கில் பேரழிவை உண்டாக்கியது.

• ஆற்றின் தடமாற்றம்: வளைந்தோடும் ஆறு குறுக்குவழி கண்டுகொண்டதும் கைவிடப்படும் வளைவு, குதிரைக் குளம்பு ஏரியாக எஞ்சுகிறது. பீகாரின் கன்வர் ஏரி இதற்கு எடுத்துக்காட்டு.

• கடலின் ஏற்றம்: கடலோர மணல்திட்டுக்குப் பின்னால் அடைபட்ட நீரே காயல். சிலிக்கா, பழவேற்காடு, வேம்பநாடு ஆகியவை இவ்வாறு தோன்றியவை.

• விண்கல்: மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி, தக்காணத்தின் எரிமலைப் பாறையில் விண்கல் மோதி உண்டாக்கிய, சுமார் 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளத்தில் தேங்கியது.

பின்லாந்தும் கொங்கும்: பாறை ஒன்று, விதி வேறு

திருப்பூர் வட்டாரத்தின் அடித்தளம், நைஸ் எனப்படும் பட்டைபட்டையான உருமாறிய பாறையாலும், சார்னோகைட், கிரானைட் போன்ற கடும்பாறைகளாலும் ஆனது. இவற்றின் பெரும்பகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், அதன் பல பகுதிகள் மீண்டும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி உருமாறின. பாலக்காட்டிலிருந்து காவிரி வரை நீளும் இந்தப் பட்டையில் பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததால் பிளவுகள் மிகுந்தன. சில பிளவுகளில் ஆழத்துக் குழம்பு புகுந்து இறுகியபோது மணிக்கற்கள் விளைந்தன. காங்கேயத்தை அடுத்த படியூரின் பெரில் கற்களும், நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட மணி செய்யும் தொழிலும் அந்த நிலவியல் கொடையின் சான்றுகள்.

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்தும் இதைப் போன்ற பழம்பாறையின் மீதே அமைந்திருக்கிறது. ஆயினும் அந்நாட்டில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 1,87,888 என்று கணக்கிடப்பட்டுள்ளன. இரு நிலங்களையும் பிரித்தது பனி. பின்லாந்தை மூடியிருந்த, கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான் விலகியது. அது நகர்ந்த வழியெங்கும் பாறையின் நலிந்த இடங்களைப் பெயர்த்துக் குழிகளை உண்டாக்கிவிட்டுச் சென்றது. அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் தட்டையான தகடு அடிவாங்கிக் குழிந்த பிறகே குடமாவது போல, பாறைநிலமும் அத்தகைய விசைக்கு ஆட்பட்டால்தான் நீரேந்தும் வடிவம் பெறுகிறது. கடைசிப் பனியுகம் கொங்குப் பாறையைத் தீண்டவில்லை.

இந்தியாவும் பனியறியாத நாடன்று. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்துருவத்தை ஒட்டியிருந்த கோண்டுவானாவின் ஒரு பகுதியாக அது இருந்தபோது, பனிப்பாளங்கள் அதன் மீது நகர்ந்தன. ஒடிசாவின் தால்சேரில் காணப்படும் உருண்டைக்கல் படிவுகள் அதற்குச் சாட்சி. அன்று ஏரிகள் தேங்கியிருந்தாலும், இடைப்பட்ட கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவையெல்லாம் தூர்ந்தும் அரிக்கப்பட்டும் மறைந்திருக்கும். மடகாஸ்கர் பிரிந்து, மேற்கு விளிம்பு உயர்ந்து, தீபகற்பம் கிழக்கே சாய்ந்த பின், நொய்யல் உள்ளிட்ட ஆறுகள் அந்தச் சாய்வில் தங்கள் வழியைச் செவ்வனே வகுத்துக்கொண்டுவிட்டதால், மழைநீர் தேங்கி நிற்க இடமின்றி வடிந்துவிடும் நிலமாகக் கொங்கு முதிர்ந்தது.

தமிழகத்தின் இயற்கை நீர்நிலைகள் பழவேற்காடு, கழுவேலி, பள்ளிக்கரணை, வேதாரண்யம் என்று கடலோரத்தையே ஒட்டியிருப்பதற்கும் இதுவே விளக்கமாகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்த கடல், பனி உருகியதால் உயர்ந்து, 6,000 அல்லது 7,000 ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய இன்றைய நிலைக்கு வந்தது. அந்த அண்மைக்கால மாற்றம் கடலோரத்தில் மட்டுமே பள்ளங்களை அடைத்துத் தந்தது. மலைகளில் சுற்றுலாப் பயணிகள் காணும் உதகை ஏரி ஜான் சல்லிவனாலும், கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்சாலும் உருவாக்கப்பட்டவை. பெரிதும் இதே வகைப் பழம்பாறையாலான இலங்கையின் உலர்வலயத்திலும் இரணைமடு முதல் பராக்கிரம சமுத்திரம் வரை பெருங்குளங்கள் மனிதக் கையால் எழுந்ததை நோக்கும்போது, ஒரே வகை நிலம் கேட்ட கேள்விக்கு இரு கரையிலும் ஒரே விடை கிடைத்தது தெளிவாகிறது.

சரிவை மறித்த கரைகள்

கடல்மட்டத்திலிருந்து கோவை சுமார் 400 மீட்டரும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள திருப்பூர் சுமார் 300 மீட்டரும் உயர்ந்தவை என்பதால், நிலம் கிலோமீட்டருக்குத் தோராயமாக 2 மீட்டர் சரிகிறது. இத்தகைய சரிவில் 4 மீட்டர் ஆழத்துக்கு நீரை நிறுத்தினால், அது பின்னோக்கி 2 கிலோமீட்டர் அளவுக்கே பரவ முடியும். கடலூர் மாவட்டத்தின் வண்டல் சமவெளியில் வீராணம் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கக் கொங்கின் குளங்கள் சிறியனவாகவும் பலவாகவும் அமைந்ததற்கு இந்தச் சரிவு ஒரு முக்கியக் காரணம். மேலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவில் நிற்க, திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகக்கூடிய நீரின் அளவு அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாகிறது. உள்ளூர் மழையை மட்டும் நம்பிய குளம் இங்கே நிலைக்காது என்பதை உணர்ந்த முன்னோர், மலையிலிருந்து வரும் நொய்யல் வெள்ளத்தைச் சிறு அணைக்கட்டுகளால் திருப்பி, வாய்க்கால் வழியே குளத்துக்குக் குளம் கொண்டுசென்றனர். ஒரு குளத்தின் கலிங்கில் வழிந்த உபரிநீர் அடுத்ததற்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும் இந்தச் சங்கிலியில் 32 குளங்கள் இருந்ததாக மரபு கூறுகிறது.

எனினும் கொங்கின் வேளாண்மை குளத்தைவிடக் கிணற்றையே மிகுதியாகச் சார்ந்திருந்தது. பாறையை உடைத்து வெட்டிய அகன்ற கிணறுகளும், காளைகள் இழுத்த கவலை ஏற்றங்களும் இந்நிலத்தின் அடையாளமாயின. கடும்பாறைக்குள் மணலில் உள்ளதைப் போன்ற நுண்துளைகள் இல்லை. மேலே சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை சிதைந்து நொறுங்கிய அடுக்கும், அதன்கீழ் ஊற்றுக்கண் என்று உழவர் அழைக்கும் வெடிப்புகளும் மட்டுமே நீரைத் தாங்குகின்றன. இந்தச் சிதைந்த அடுக்கே கொங்கின் உண்மையான ஏரி எனலாம். குளம் அதற்கு நீரூட்டும் வாயாகப் பயன்பட்டது. கரைக்குள் நின்ற நீரின் ஒரு பகுதி கசிந்து ஊர்க் கிணறுகளை நிரப்பியதால், நேரடிப் பாசனம் குறைவாக இருந்த குளமும் பயனற்றதாக இருக்கவில்லை.

பெட்டிச் செய்தி: நஞ்சராயன் குளம்

திருப்பூருக்கு வடகிழக்கே சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி, சுமார் 125 ஹெக்டேர் பரப்பில் அமைந்த இக்குளம் நல்லாற்று நீரால் நிரம்புகிறது. நஞ்சராயன் என்ற மன்னர் செப்பனிட்டதால் இப்பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. பாசனத்துக்கென அமைந்த நீர்நிலை, 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. இமயத்தைத் தாண்டி வலசை வரும் வரித்தலை வாத்து இங்கே காணப்படுகிறது. 2024இல் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியுடன் சேர்ந்து ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கழுவேலி கடலின் ஏற்ற இறக்கம் தந்த இயற்கை ஈரநிலம், நஞ்சராயன் மனிதர் கட்டிய குளம் என்பது கருதத்தக்க வேறுபாடு.

உப்பை வெளியேற்றாத பாறை

நிலத்தின் இந்த அமைப்பு எத்தகைய விளைவைத் தரும் என்பதைப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சி மிகக் கடுமையாக உணர்த்தியது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு பேரளவில் தேவைப்படுகிறது. சாயம் இழையில் தங்க, உப்பின் பெரும்பகுதி கழிவுநீரோடு வெளியேறுகிறது. சாயத்தின் நிறத்தை நீக்க வழியுண்டு. கரைந்த உப்போ நுண்ணுயிரிகளாலும் சிதைக்கப்படாதது, சாதாரண வடிகட்டலுக்கும் அகப்படாதது. பெருகியோடும் ஆறாக இருந்தால் அது நீர்த்துக் கடலுக்குப் போயிருக்கும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நொய்யலில், சாயப்பட்டறைகளின் கழிவே ஆற்றின் ஓட்டமாக மாறியது.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. இயற்கை பள்ளம் அமைக்காத இடத்தில் மனிதர் அமைத்த பெரும்பள்ளம், மேலே உள்ள நகரம் கழித்ததையெல்லாம் ஏந்திக்கொண்டது. அணைக்குள் நின்ற உப்புநீர் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. கரையை உயர்த்துவோர் நீரைத் தேக்குவதோடு அந்த நீரில் கரைந்துள்ள அனைத்தையும் தேக்குகின்றனர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு கொங்கில் வேறில்லை.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கடும் நிபந்தனைகளை விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சலவை ஆலைகளையும் மூட ஆணையிட்டது. அதன்பின், எதிர் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய அடர் உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் அமைப்புகள் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் நிறுவப்பட்டன. ஆற்றில் விடுவதை நிறுத்தினாலும், ஏற்கெனவே வெடிப்புகளுக்குள் இறங்கிய உப்பு எளிதில் போவதில்லை. அதை அலசிச் செல்லும் அளவுக்கு மழையும் இல்லை, நீர் தாராளமாக நகர்ந்து செல்லும் இடைவெளியும் பாறையில் இல்லை.

நீரின் அளவிலும் பாறை தன் எல்லையைக் காட்டியது. ஊர்க் கிணறுகளின் நீரை லாரிகளில் வாங்கி இயங்கிய தொழில், மேலடுக்கு வற்றியதும் ஆழ்துளைக் கிணறுகளை நாடிற்று. துளை 1,000 அடியைத் தாண்டும் இடங்களிலும் ஊற்றுக்கண் குறுக்கிடாவிட்டால் புழுதியே வெளிவரும். இறுதியில், பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவரும் திட்டம், அரசும் தனியாரும் கூட்டாக அமைத்த நிறுவனத்தின் வழியே 2005 அளவில் செயற்பாட்டுக்கு வந்தது.

மேட்டில் ஏறும் பவானி

பவானிக்கும் நொய்யலுக்கும் இடைப்பட்ட அவிநாசி மேட்டுநிலத்துக்கு எந்த ஆறும் இயல்பாகப் பாய முடியாது. இரு ஆறுகளும் அதன் இருபுறமும் தாழ்ந்து ஓடுகின்றன. நூறு மீட்டருக்கும் மேலான அந்த உயரத்தை மின்விசையால் கடக்கும் முயற்சியே அத்திக்கடவு – அவிநாசித் திட்டம். முன்னோர் சரிவின் போக்கிலேயே நீரை நடத்தினர். இத்திட்டம் சரிவுக்கு எதிராக நீரை ஏற்றுகிறது. ஆகையால், பவானியில் உபரிநீர் இருக்கும் காலத்தில் மட்டும் இயங்கக்கூடிய இந்த ஏற்பாடு, ஒவ்வோர் ஆண்டும் மின்செலவையும் பராமரிப்பையும் கோரிக்கொண்டே இருக்கும்.

பெட்டிச் செய்தி: அத்திக்கடவு – அவிநாசித் திட்டம்

பவானி ஆற்றின் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே கொண்டுசென்று, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது இதன் நோக்கம். 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு சுமார் 1,916 கோடி ரூபாய். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர். அதுவும் பெரும்பாலும் நிலத்தடி நீர் உயர்வதன் மூலம் பயன்பெறுவது.

இயற்கையின் பொறுப்பும் மனிதரின் பொறுப்பும்

வூலரோ பழவேற்காடோ அழியாமலிருக்க முதல் தேவை, மனிதர் அவற்றில் கைவைக்காமல் இருப்பது. கொங்கின் குளத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. கரையை உயர்த்தாமலும், மதகைப் பழுதுபார்க்காமலும், தூரெடுக்காமலும், வரத்து வாய்க்காலைத் திறந்துவைக்காமலும் விட்டால், நிலத்தின் பழைய இயல்பு அதை மீண்டும் சரிவான வெறும் நிலமாக்கிவிடும். குளத்தின் பரப்பை மட்டும் வேலியிட்டுக் காத்துவிட்டு, நல்லாற்றின் வழித்தடமும் சிறு ஓடைகளும் மனையிடங்களாக மாறுவதைப் பொறுத்துக்கொண்டால், சரணாலயம் என்ற பெயரும் ராம்சர் தகுதியும் நீரைக் கொண்டுவந்து சேர்க்க மாட்டா.

நீரேற்றுத் திட்டத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். குளம் நிரம்பியதா என்ற கேள்வி எளிதாக அளக்கத்தக்கது என்பதால் அதுவே வெற்றியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் குளத்தின் பயன் அடியிலுள்ள சிதைந்த அடுக்கில்தான் முடிவாகிறது. சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டமும் உப்பளவும் குளத்தின் நீரளவோடு சேர்த்து அளக்கப்பட்டு ஊராருக்கு அறிவிக்கப்பட வேண்டும். குளத்தில் கலக்கும் வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் நீரேற்றத்துக்கு முன்பே தடுக்கப்பட வேண்டும். ஏனெனில், உயர்ந்துவரும் குளத்து நீர் அக்கழிவையும் கூடவே வெடிப்புகளுக்குள் இறக்கிவிடும், இறங்கியதைத் திரும்ப எடுக்க இப்பாறை இடம் தராது என்பதை ஒரத்துப்பாளையம் மெய்ப்பித்துவிட்டது.

பனியாறு செதுக்கிய ஏரி, கவனிப்பாரின்றியும் சில ஆயிரம் ஆண்டுகள் நிற்கும். ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறைக்கு இல்லாமல் போகக்கூடியது திருப்பூரின் குளம். ஆகவே அதன் பராமரிப்புக்கான நிதியும் ஆளும், ஒருமுறை செலவிட்டு முடிக்கும் திட்டப் பணியாக அல்லாமல், சாலைக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்கப்படுவதைப் போல ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டியவையாகும்.